பெருக்கி வைத்த நடைபாதை

கடைகள் திறக்கும் நேரத்தில் வந்து பார்த்தால் எங்கள் சந்தின் நடைபாதை பளிச்சென்று இருக்கும். பதினைந்து குடும்பம் அங்கே படுத்து எழுந்து போயிருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் வாசலைக் கூட்டுவதைவிட நாங்கள் சுத்தமாகக் கூட்டுவோம்.

திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற சந்து அது. இரண்டு பக்கமும் பாத்திரக் கடைகளும் பிளாஸ்டிக் சாமான் கடைகளும். எங்கள் நாலைந்து குடும்பத்துக்கு இடம் விட்டவர் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு பாய். முதல் நாளே ஒப்பந்தத்தைச் சொல்லிவிட்டார்.

"படுத்துக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா நான் ஷட்டர் தூக்கும்போது ஒரு சோத்துப் பருக்கை என் கண்ணுல படக் கூடாது."

பருக்கை என்ன, உதிர்ந்த தலைமுடியைக்கூட நாங்கள் விட்டு வைத்ததில்லை. விடிவதற்குள் எழுந்து, போர்வை, அடுப்பு, குண்டான் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, சந்தின் கோடியில் இடிந்து கிடந்த ஒரு கோடவுனின் சுவருக்குப் பின்னால் அடுக்கிவிடுவோம். வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டுவோம். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்டணக் குளியலறையில் குளித்து, தலை சீவி, அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். சிலர் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கப் போவார்கள், சிலர் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ. பகலில் எங்களைப் பார்க்கிற யாருக்கும் நாங்கள் எங்கே தூங்குகிறோம் என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடும்.

ஆளுக்கொரு பொய் விலாசமும் வைத்திருந்தோம். என்னுடையது உறையூர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு மாமி வீட்டில் நான் பாத்திரம் தேய்த்தேன். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டபோது வாயில் வந்த ஊரைச் சொல்லிவிட்டேன். மாமிக்கு ஒரே சந்தோஷம். "நாச்சியார் சன்னிதி இருக்கற ஊர்னா அது. கொடுத்து வச்சவ நீ" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு பங்குனியிலும் பெருமாள் உறையூருக்கு எழுந்தருளும் நாளில், "உங்க ஊருக்குன்னா இன்னிக்கு வரார், நீ கிளம்பு" என்று சீக்கிரமே அனுப்பிவிடுவார். நான் நேராகக் கடை வீதிக்கு வந்து, ஷட்டர் இறங்கும்வரை எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பேன்.

நான் அங்கே வந்த கதை பெரிய கதை இல்லை. கணவர் இறந்தார். பாலக்கரையில் இருந்த வாடகை வீட்டை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. துறையூரில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அக்கா புருஷன்தான் சாப்பிடும்போதெல்லாம் விலைவாசியைப் பற்றிப் பேசினார். அதற்கு மேல் அங்கே இருக்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மகள் அப்போது ஆறாவது. அவளைக் கே.கே. நகர் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் சேர்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு என்று நடைபாதைக்கு வந்தேன். அந்த ஒரு வாரம்தான் வருஷக் கணக்காக நீண்டது.

மகளை ஒரு நாள்கூட நான் அங்கே படுக்க வைத்ததில்லை. லீவு விட்டால் முதலில் அக்கா வீடு, அக்கா குடும்பம் திருப்பூருக்குப் போன பிறகு அவளுடைய தோழிகள் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடுதிக்குப் போவேன், மரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். பள்ளிக்கூடத்தில் அவளும் உறையூர் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவள் பத்தாவது படித்த வருஷம், பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"இந்த லீவுக்கு எங்கம்மா வர்றது?"

"பாக்கலாம்."

"ஒவ்வொரு தடவையும் யார் வீட்டுலயாவது போய் நிக்கிறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. அவங்க அம்மா, இன்னும் எத்தனை நாள் லீவுன்னு கேக்கறாங்க." பிறகு, "ஆனா அங்க வர மாட்டேன். கோவிச்சுக்காதம்மா" என்றாள்.

ஒருமுறை எதிர்ச்சாரியில் நின்று எங்கள் சந்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் வராமலே திரும்பிப் போயிருக்கிறாள். அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாததால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு பாவப்பட்ட மனுஷன்மேல் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பூக்கார அக்கா சேதி கொண்டு வந்தார். எங்கள் பதினைந்து குடும்பத்தில் வாய்த்துடுக்கு உள்ளவர் அவர். தள்ளுவண்டியில் பூ விற்பார், ஊர்ச் சேதி எல்லாம் அவர் வண்டிக்கு வந்துதான் போகும். காட்டூரையும் தாண்டி அடுக்குமாடி வீடுகள் கட்டி முடித்துவிட்டார்கள், வாய்க்கால் கரைக் குடிசைக்காரர்களைக் கணக்கெடுத்து அங்கே கொண்டுபோகிறார்கள் என்றார். நாங்கள் நாலு பேர் கிளம்பிப் போய் விசாரித்தோம். ஆபீசில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க குடிசை எந்தக் கரையில இருக்கு?"

"குடிசை இல்லைங்க. நடைபாதையில இருக்கோம்."

"குடிசை இருந்தாத்தானேம்மா அதை எடுத்துட்டு வீடு குடுக்க முடியும்?"

"அப்ப நாங்க ஒரு குடிசை போட்டுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார் பூக்கார அக்கா.

"போட்டா ஆக்கிரமிப்பும்மா."

வெளியே வந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஓலைக் குடிசை இருப்பவர் ஏழை, அதுகூட இல்லாதவர் கணக்கிலேயே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் கூடினோம். வீடில்லாதவர்கள் கூட்டம் போடுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது, யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். காவேரியில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கத் தங்கும் விடுதி ஏதாவது கேட்கலாம் என்றார் ஒருவர். அங்கே ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று இன்னொருவர் சொன்னதும், எங்களிலேயே மூத்தவரான ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போகிறவர் அவர். "நானும் இவளும் ரோட்டுல படுத்தாலும் ஒண்ணாத்தான் படுத்தோம். இந்த வயசுல எங்களைப் பிரிச்சு வைக்கவா சங்கம் வைக்கிறீங்க?" என்று அவர் கேட்க, பக்கத்தில் அவர் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். வீடுதான் கேட்பது என்று முடிவானது. தனியாகப் போய் யாரும் எதையும் வாங்கக் கூடாது, போனால் எல்லாரும் போவது என்றும் முடிவானது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் குறை கேட்பார்கள். பதினைந்து குடும்பமும் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றோம். திரும்பத் திரும்பப் போனோம். கடைசியில் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தோம். அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டினோம். சந்து முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். சாக்குகளை வெளியே ஒரு நுனி தெரியாமல் சுவருக்குப் பின்னால் அமுக்கினோம். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டோம். பெரியவர் வெள்ளை வேட்டியில் கல்யாண வீட்டு மாமா மாதிரி நின்றார். பூக்கார அக்கா எல்லாப் பெண்களுக்கும் தலைக்கு ஒரு முழம் பூ கொடுத்தார். ஒருத்தி பாய் கடை வாசலில் எட்டுப் புள்ளி வைத்துக் கோலமே போட்டுவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். சந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இங்க குடியிருக்கறவங்க எங்கம்மா?"

"நாங்கதான் மேடம்."

அவர் எங்களைப் பார்த்தார், தலையில் இருந்த பூவைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். "எங்க சமைப்பீங்க? சாமான்லாம் எங்க?" என்றார். ஒருத்தி ஓடிப் போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்தாள். வேறெங்கிருந்தோ கொண்டு வந்த மாதிரிதான் அது எனக்கே தெரிந்தது. அதிகாரி பாயிடம் திரும்பினார்.

"இவங்க இங்கதான் தங்கறாங்களா? நீங்க பாத்திருக்கீங்களா?"

பாய் எங்களைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். "இருக்காங்கன்னு தெரியும் மேடம். ஆனா நான் வரும்போது ஒருத்தரும் இருந்ததில்ல. கண்ணால பாத்தேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அதிகாரி ஒன்றும் கோபமாகப் பேசவில்லை. "நான் பாக்காததை எழுத முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் தலையில் பூவோடு நின்றோம். யார் கோலம் போடச் சொன்னது, யார் சாக்கை ஒளிக்கச் சொன்னது என்று ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டோம். பூக்கார அக்காதான் கடைசியில் உட்கார்ந்துகொண்டு, "நம்மளே நம்மளப் பெருக்கித் தள்ளிட்டோம்டி" என்றார். எனக்கு அழுகை வந்தது. மகளுக்குப் பரீட்சை தொடங்கியிருந்தது, லீவு வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் எல்லாரும் போனோம். இன்னொரு முறை வந்து பார்க்கச் சொல்லி, பதில் வரும்வரை ஆபீஸ் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதே அதிகாரி வந்தார். "வரேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன். குழந்தைங்க இருக்கற குடும்பத்துக்கு முதல்ல பாப்பாங்க, அவங்களும் இருக்கணும்" என்றார்.

என்றைக்கு என்று தெரியாவிட்டால் தினமும்தான் இருக்க வேண்டும். இனிமேல் சாக்கைக் கட்டுவதில்லை, அடுப்பை மறைப்பதில்லை, விடிந்த பிறகும் இருந்த இடத்தில் இருப்பது என்று தீர்மானித்தோம். அதற்கு முதலில் பாயிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை முறிக்கப் போகிறோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு யாரும் முன்வரவில்லை. நான் போனேன்.

"எங்க அத்தா காலத்துக் கடைம்மா இது. வாசல்ல அடுப்பு எரிஞ்சா எவன் உள்ள வருவான்?" என்றார்.

"எங்களுக்கும் ஆசையில்ல பாய். நாங்க இருக்கறது உங்களுக்கே தெரியாத அளவுக்கு இருந்தோம். அதான் இப்ப எங்களுக்கு எமனா வந்து நிக்குது."

அவர் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தார். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தவர், வாசலில் கொதித்துக்கொண்டிருந்த உலையையும் விரித்துக் கிடந்த போர்வைகளையும் பார்த்து அப்படியே நின்றார். "இவ்வளவு பேரா?" என்றார். பிறகு ஒரு பக்க ஷட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். இன்ஷா அல்லாஹ் அந்தம்மா சீக்கிரம் வரட்டும் என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பட்டப்பகலில் தெருவில் இருப்பது வேறு மாதிரி. முதல் நாள் கைகள் தாமாகவே போர்வையைச் சுருட்டின. ஒருத்தி சுருட்ட, பூக்கார அக்கா பிரித்துப் போட, அதுவே வேலையாக இருந்தது. போகிறவர்கள் எங்கள் சோற்றுப் பானையைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் செல்போனைத் தூக்கியபோது, "உங்க வீட்டு அடுப்படிய நான் வந்து போட்டோ எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். பேசாமல் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உத்திர வீதி மாமி குக்கருக்கு ரப்பர் வாங்க அதே கடைக்கு வந்தார். நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். ஓடி ஒளிய இடமில்லை.

"நீ உறையூர்னு சொன்னயோல்லியோ?"

"இல்லைங்க மாமி. இங்கதான். உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து இங்கதான்."

"பங்குனிக்குப் பங்குனி உன்னைச் சீக்கிரமா அனுப்பிச்சேனே" என்றார் மாமி. அப்புறம், "முடிச்சுண்டு வா. அதுவரைக்கும் நானே தேச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் வாங்காமலே போய்விட்டார். பாய் எழுந்து போய், மாமி ஆட்டோவில் ஏறுவதற்குள் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீடு கிடைத்ததா என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்தது, எல்லாருக்கும் இல்லை. இதை எழுதுகிற வீடு அதுதான், மூன்றாவது மாடி. மார்க்கெட் தூரமாகிவிட்டது, தண்ணீர் ஒரு வேளைதான் வருகிறது, அதற்காக இப்போதும் திங்கட்கிழமைகளில் போய் நிற்கிறோம். பெரியவர் சாவி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி தனி வீடு வேண்டாமென்று பூக்கார அக்காவோடு இருக்கிறார். ஆனால் அந்த நாட்களில் நான் கவலைப்பட்டது வீட்டை நினைத்து மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைகள் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவளை வா என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

"பகல்லயும் அங்கதான் இருக்கியாம்மா? எல்லாரும் பாக்கறாங்களா?"

"பாக்கறாங்க."

"மாமி கூடவா?"

"மாமியும்தான்."

கடைசிப் பரீட்சை முடிந்ததும் மணப்பாறையில் ஒரு தோழி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. தோழியின் அப்பா வந்து கூட்டிப் போவார் என்றாள். சரி என்றேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பூக்கார அக்கா என் தோளைத் தொட்டார். மெயின்கார்டு கேட் பக்கமிருந்து யூனிஃபார்மில் ஒரு பெண் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வருகிறாள். பெட்டியின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க, அவள் யாரையும் பார்க்காமல் நேராக வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மணப்பாறை என்னாச்சு?"

"போகல" என்றாள்.

அவளுக்குச் சோறு போடுவதற்குள் சந்து முனையில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அதிகாரி இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடுப்பாக, ஒவ்வொரு போர்வையாகப் பார்த்து, கேட்டு, எழுதிக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும் மகளைப் பார்த்தார்.

"நீயும் இங்கதான் இருக்கியாம்மா?"

"இல்ல மேடம். நான் ஹாஸ்டல். இங்க ஒரு நாள்கூடத் தங்கினதில்ல."

பூக்கார அக்கா என் கையைக் கிள்ளினார். மகள் சொன்னது உண்மை, அதை உண்மையாக்கியவள் நான்தான்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அப்ப லீவுக்கெல்லாம் எங்க இருப்பே?"

"யார் யார் வீட்டுலயோ இருந்தேன் மேடம்."

"இப்ப?"

"லீவு விட்டாச்சு. வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றாள்.

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அப்போது மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, காதருகே வந்து, "பஸ்லயே ஆயிடுச்சும்மா. மாத்தணும். எங்க மாத்தறது?" என்றாள்.

இத்தனை வருஷம் அங்கே இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. குளியலறைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுவரை போக வேண்டும், கோடவுன் சுவர் இடுப்பளவுதான். அவள் எழுந்தாலே பாவாடையில் கறை தெரியும். பாய் கடைக்குள் கூரைவரை குண்டான்கள், ஒரு ஆள் திரும்ப இடமில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே பெண்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேர் சேலைகளை உதறி விரித்தார்கள். ஷட்டர் மூடியிருந்த பக்கத்தில் அவளை நிறுத்திச் சுற்றிப் பிடித்தோம். ஒரு முனைக்கு ஆள் போதவில்லை. அதிகாரி கையிலிருந்த காகிதங்களை அடுக்கியிருந்த பாத்திரங்களின்மேல் வைத்துவிட்டு வந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். பாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, உள்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சேலைக்குள்ளிருந்து என் மகள் கேட்டாள்.

"யாரும் பாக்கலையேம்மா?"

"யாரும் பாக்கல. நீ மெதுவா மாத்து" என்றேன்.

கடை வீதியே எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.